‘தாழ்மையுடன்’ என்ற சொல்

பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில், எங்கள் ஊர் நிறுத்தத்தை ஒட்டி, பத்துக்குப் பத்து அளவில் ஒரு கடை வைத்திருக்கிறேன். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வெயில் ஏறினால் தாளைக் கடித்துக்கொள்ளும் பழைய ஜெராக்ஸ் இயந்திரம், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க ஒரு நீலத்திரை ஆகியவையே என் மூலதனம். திங்கள்கிழமைதோறும் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால், ஞாயிறு மாலையில் கடையில் கூட்டம் இருக்கும். 2015 முதல் நான் மனு அடித்துக் கொடுத்து வருகிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வழித்தகராறு, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், இவற்றோடு எப்போதும் குறையாத ஒன்று வேலை கேட்கும் மனு.

அந்த மனுவுக்கு என் கணினியில் ஓர் அச்சு உண்டு. பெயரையும் படிப்பையும் மாற்றினால் போதும். ‘ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த நான் டிப்ளமா முடித்து வேலையின்றி இருப்பதால், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஏதேனும் ஒரு வேலை வழங்கிட உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும். பேருந்துச் செலவு செய்து, வரிசையில் நின்று, அதற்கு ஒரு பதிவு எண் வாங்கி வருவார்கள். சில வாரங்கள் கழித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுமாறோ, அடுத்த முகாமில் கலந்துகொள்ளுமாறோ ஒரு பதில் வரும். பதிவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொடுப்பவனும் நான்தான்.

யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் அந்த அச்சில் வார்க்கப்பட்டவன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து நான்கு ஆண்டுகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். 1970களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாள் முதல், எங்கள் பகுதியில் ஒரு பையன் தேறிவிட்டான் என்பதற்கு அடையாளம் விடியுமுன் சாலையில் நின்று கம்பெனி பஸ் ஏறுவதுதான். நானும் ஏறினேன். சீருடையில் கம்பெனியின் பெயர் இருந்தது. அடையாள அட்டையைத் திருப்பினால் ஒரு காண்ட்ராக்டரின் பெயர் இருந்தது. முதலில் பயிற்சியாளர், பிறகு வேறு ஒரு காண்ட்ராக்டர் பெயரில் மீண்டும் பயிற்சியாளர், நான்காம் ஆண்டின் முடிவில் ‘பேட்ச் முடிந்தது’ என்ற மூன்று நிமிடப் பேச்சு. அந்த ஆண்டுகளில் நான் ஒரு தொழிலாளி என்பதற்கான எந்தத் தாளும் என்னிடம் இல்லை. தாள் எவ்வளவு முக்கியமானது என்பதை நான் அங்கேதான் கற்றிருக்க வேண்டும், கற்கவில்லை. எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தவன் என்னைவிடப் பத்து வயது இளையவன்.

2023-ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள் அவன் வழக்கமான மனுவுக்காக வந்தான். பாலிடெக்னிக் முடித்தவன், பெங்களூருவில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பியிருந்தான். நான் அச்சைத் திறந்து அவன் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, கடைக்கு முன்னால் ஏரி மண் ஏற்றிய டிப்பர் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. எங்கள் ஊர் ஏரியைத் தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகைச் சீரமைக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது.

“அண்ணா, இந்த ஏரி வேலைக்கு நம்ம ஊர்ல எத்தனை பேர் போறாங்க?” என்றான்.

எண்ணிப் பார்த்தேன். பொக்லைன் ஓட்டுபவர் வெளியூர். இரண்டு டிப்பர் ஓட்டுநர்களும் வெளியூர். மதகு கட்டும் மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து, கரையில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. சிமென்ட் மூட்டைக்கு இராக்காவல் இருந்த எழுபது வயதுப் பெரியவர்.

அவன் வேலை கேட்கும் மனுவை வேண்டாம் என்றான். ஏரி வேலையின் கணக்கைக் கேட்டு எழுதலாம் என்றான். எனக்கு உள்ளூர ஒரு பயம். கடை வாசலில் நாளைக்கு யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்று. ஆனாலும் எழுதினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் எங்கள் ஊராருக்கு வேலை தரவில்லை’ என்று அதில் கேட்க முடியாது. ‘ஏன்’ என்பது தகவல் ஆகாது, கருத்து என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே வேலையின் மதிப்பீட்டு நகல், பணி ஆணை, ஒப்பந்த நிபந்தனைகள், அளவுப் புத்தகத்தின் நகல், வழங்கப்பட்ட தொகைப் பட்டியல், வேலையாட்களின் வருகைப் பதிவேடு என்று கையில் பிடிக்கக்கூடிய தாள்களை மட்டும் கேட்டோம். அளவுப் புத்தகம் என்பது ஊரில் எல்லாரும் எம்-புக் என்று சொல்வது. வேலை நடந்த இடத்தில் நீளம், அகலம், ஆழம் அளந்து பொறியாளர் எழுதும் புத்தகம் அது. அதில் ஏறாத வேலைக்குப் பணம் இல்லை. ஏறிவிட்டால் நடக்காத வேலைக்கும் பணம் உண்டு.

முப்பது நாளில் வரவேண்டிய பதில் நாற்பத்தேழாம் நாள் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 38 பக்கங்களுக்கு 76 ரூபாய் செலுத்தினால் நகல் தரப்படும் என்று இருந்தது. எழுபத்தாறு ரூபாய்தானே, கட்டிவிட்டு வாங்கிக்கொள், எதற்கு வம்பு என்று நான் சொன்னேன். அவன் கைப்பேசியில் சட்டத்தை எடுத்து 7(6) பிரிவைக் காட்டினான்: கெடு தவறினால் தகவலை இலவசமாகத் தரவேண்டும். எத்தனையோ விண்ணப்பங்கள் தட்டச்சு செய்த எனக்கு அது தெரியாது. 76 ரூபாய்க்காக ஒரு மேல்முறையீடு எழுதினோம். அடுத்த மாதம் உறை வந்தது, கட்டணம் இல்லாமல். வருகைப் பதிவேடு மட்டும் அதில் இல்லை. அது ‘இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்றும், ஒப்பந்ததாரர் தொடர்பான மற்ற தகவல்கள் மூன்றாம் தரப்பினருடையவை என்றும் ஒரு வரி இருந்தது.

அந்த 38 பக்கங்களைக் கடையின் தரையில் பரப்பி, மூன்று நாள் இரவு நான்கைந்து பேர் படித்தோம். ஊருக்குள் பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண்தான் கணக்கைப் பிரித்துக் காட்டினாள். மதிப்பீட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் வீதம் எப்படி வந்தது என்று உள்ளே கணக்கு இருக்கும். மதகுக் கட்டடத்துக்கு இத்தனை கொத்தனார், இத்தனை ஆண் மஸ்தூர், இத்தனை பெண் மஸ்தூர். கரைச் சரிவில் கல் பதிக்க இத்தனை பேர். கரைமீது முள்செடி அகற்ற இத்தனை பேர். கூலியும் அங்கேயே இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்த மனுக்களும், எங்கள் ஊருக்கென்று ஒதுக்கப்பட்டு, செலவாகி, அளந்து முடிந்த இந்த ஆள்நாட்களும் ஒரே மாவட்டத்தின் இருவேறு அலமாரிகளில் இருந்திருக்கின்றன. முள்செடி கரையில் அப்படியே நின்றது. எம்-புக்கில் அது அகற்றப்பட்டுவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. வேலையின் பெயர், மதிப்பு, தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள், ஒப்பந்ததாரர் பெயர் ஆகியவற்றை ஊரார் பார்க்கும்படி எழுதிவைக்கும் பணி விவரப் பலகைக்கு மதிப்பீட்டில் தனித் தொகை. அது அளக்கப்பட்டு, எண்ணிக்கை ஒன்று என்று எழுதப்பட்டு, பணமும் கொடுக்கப்பட்டிருந்தது. கரையில் பலகை இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நூறு நாள் வேலையில் கூடை தூக்கும் எங்கள் ஊர்ப் பாட்டிமார்களின் வருகையை, காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து ஏற்றினார்கள். அவர்கள் பெயர், அட்டை எண், வேலை செய்த நாள், வாங்கிய கூலி எல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2024-25இல் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 319 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்த அந்தக் கூலிக்கு இவ்வளவு வெளிச்சம். நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலைகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்றும் சொன்னது. அதே ஏரியில், அதே கரையில், ஒப்பந்தத்தில் நடக்கும் வேலையின் ஆள் கணக்கு மட்டும் மூன்றாம் தரப்பினர் தகவல் ஆகிவிடுகிறது. கூடைக்குக் கேமரா, பொக்லைனுக்குத் திரை. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திட்டங்களே வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஃபுளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பள்ளிக்கூடப் படத்தில் வாய் திறந்து சிரித்தவன் ஒருவனும் இல்லை. 1,928.80 கோடி ரூபாய் மதிப்பிலான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் திறக்கப்பட்டு, பிறகு காவிரி எங்கள் ஊர்த் தொட்டிக்கும் ஏறியது. என் மகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றியும் கணக்கும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

2024 அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் அந்தத் தாள்களைப் படிப்பது என்று முடிவானது. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைகள் 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு ஆகிவிட்டன. ஆனால் எங்கள் ஊரில் அவை நடக்கும் விதம் ஆறிலும் ஒன்றுதான். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர் வருகை வேண்டும் என்பதால், கையெழுத்து நோட்டு முந்தின நாளே தெருத்தெருவாகச் சுற்றிவந்துவிடும். கூட்டத்தில் தீர்மானங்கள் மூச்சு விடாமல் படிக்கப்படும், தேநீர் வரும், கலைந்துவிடும். அன்று தேநீருக்கு முன்பே அந்தக் கணிதப் பெண் எழுந்து, ஏரி வேலையின் எம்-புக்கைப் படிக்க அனுமதி கேட்டாள். தலைவர் தயங்கினார்; பிறகு, படிக்கட்டும் என்றார். அவர் நல்ல மனிதர். அவரிடமும் அந்தத் தாள்கள் இருந்ததில்லை என்பதுதான் உண்மை.

கன அடி, கன மீட்டர் என்று அவள் படித்தவரை யாரும் தலை நிமிரவில்லை. ‘பணி விவரப் பலகை, எண்ணிக்கை ஒன்று’ என்று படித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “அது எங்கடி இருக்குது, நான் தெனம் அந்தக் கரையிலதான மாடு ஓட்டுறேன்?” என்றார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாராலும் கூட்டத்தை முடித்துவிட்டுப் போக முடியவில்லை. கரையின் முள்செடி, கல் பதிக்காத சரிவு, மதகின் அரைகுறைப் பூச்சு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒப்பந்த வேலைகளின் மதிப்பீட்டைத் தொடங்கும் முன்பே சபையில் வைக்க வேண்டும், ஆள் வேலையில் ஊராருக்கு முதலில் வாய்ப்புத் தரவேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரிகள் ஏறின. எட்டு நாள் கழித்துக் கரையில் பலகை முளைத்தது; எழுத்தின் பெயின்ட் காயவில்லை, தொட்ட விரலில் ஒட்டியது. விட்டுப்போன கல் பதிப்புக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் நால்வரையும் பெண்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். பத்தொன்பது நாள் வேலை. எங்கள் அறுவடை அவ்வளவுதான்; அதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

விலையும் இருந்தது. அந்த வாரமே, உறவுக்காரர் ஒருவர் ஏரிக் கணக்கைக் கேட்ட பையனின் அம்மாவைத் தேடிப்போய், “உன் பையன் பேரு ஸ்டேஷன்ல ஏறிட்டா அப்புறம் போலீஸ் வேலைக்கு எப்படி அத்தை போவான்?” என்று அக்கறையோடு கேட்டுவிட்டு வந்தார். எங்கள் பக்கத்துப் பையன்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை புரியும். காவலர் தேர்வும் இராணுவமும் இங்கே கனவு மட்டுமல்ல, விடிகாலை ஓட்டம், ஏரிக்கரையிலேயே ஓடுகிறார்கள். ஒரு வழக்கு, ஒரு முதல் தகவல் அறிக்கை, அத்தோடு நன்னடத்தைச் சரிபார்ப்பு போய்விடும் என்ற பயத்தில் வாய் மூடிக்கொள்கிற இளைஞர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களோடு தரையில் உட்கார்ந்து படித்தவர்களில் இருவர் அதற்குப் பிறகு வரவில்லை. இப்போதும் கடைக்கு வருகிறார்கள், ஹால் டிக்கெட் எடுக்க.

ஏரி சின்னது. பெரியவை வந்துகொண்டிருக்கின்றன. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 844 என்று நான்குவழியாகிறது. நல்லம்பள்ளி வட்டத்தில் தடங்கம், அதகப்பாடி சுற்றுவட்டாரத்தில் 1,700 ஏக்கருக்கும் மேற்பட்ட சிப்காட் என்ற பேச்சை நான் கல்லூரி நாளிலிருந்து கேட்டுவருகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், ஓசூர் அருகே கைப்பேசி பாகங்கள் ஆலையும் வந்துவிட்டன. அவற்றில் பெண்களையே அதிகம் எடுக்கிறார்கள் என்று பையன்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து புலம்புவதுண்டு. அந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்தாம் வகுப்போடு கல்யாணம் என்றிருந்த வீடுகளிலிருந்து பெண்கள் சம்பளம் அனுப்புகிறார்கள். புலம்புகிறவனின் பைக்குக்கு முன்பணம் கட்டியது அவன் தங்கையாக இருக்கலாம். அவளுக்கும் அடையாள அட்டையின் பின்பக்கம் யார் பெயர் இருக்கிறது என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

உள்ளூர்க்காரருக்கு எழுபத்தைந்து விழுக்காடு வேலை என்று சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இங்கே அடிக்கடி எழும். மேடையில் கைதட்டல் கிடைக்கும் கோரிக்கை அது. அப்படிச் சட்டம் இயற்றிய அரியானாவில் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. மேலும், பெங்களூருவிலும் கேரளத்திலும் கூலி வேலை செய்து பிழைக்கும் மாவட்டம் நம்முடையது. அங்கேயும் அதே விழுக்காட்டை எழுதி மாட்டினால் பென்னாகரத்துக்காரன் எங்கே போவான்?

அதைவிட உறுதியான தரை வேறிடத்தில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நான்காவது இனம்: திட்டத்தால் வேலைகள் உருவாகும்போது, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒருவருக்கேனும், தகுந்த பயிற்சி அளித்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத வேலை, அல்லது ஒரே தவணையில் ஐந்து லட்சம் ரூபாய், அல்லது மாதம் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் இருபது ஆண்டுகளுக்கு. 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி எடுக்கும் நிலத்துக்கும் இந்த அட்டவணை பொருந்தும். தமிழ்நாட்டில் சிப்காட்டுக்கான நிலம் 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தில் எடுக்கப்படுகிறது. அதற்கு 2013 சட்டத்திலிருந்து விலக்குத் தந்த 105-ஏ பிரிவை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, அதே ஆண்டு சட்டமன்றம் புத்துயிர் தந்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எந்தச் சட்டத்தில் எடுத்தாலும், நிலம் கொடுத்த குடும்பங்களின் பட்டியல், அதில் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் ஆகிய இரண்டும் அரசின் கையில் இருக்கவேண்டிய தாள்கள். கேட்டால் தரவேண்டிய தாள்கள். நிலம் கொடுத்தவர் கையெழுத்துப் போடும் நாளில் அவருக்கு இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டுமே பேச்சு இருக்கிறது. அவர் பிள்ளை ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும், ஆலை எந்த ஆண்டு எத்தனை ஃபிட்டரை எடுக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. எங்களுடையது உட்பட இருபத்தெட்டு மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் அன்று தனி அலுவலர்களிடம் போயின. தீர்மானப் புத்தகத்தில் நாங்கள் ஏற்றிய அந்த இரண்டு வரிகளையும் சிமென்ட் சாலை ஒன்றின் விஷயத்தில் நினைவூட்டப் போனபோது, தனி அலுவலரின் பொறுப்பில் இருந்த ஊராட்சிகளின் எண்ணிக்கையை அவர் மேசைமீதிருந்த கோப்புக் கட்டுகளே சொல்லிவிட்டன. அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை. மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார்.

ஏரிக்காக முதலில் கேள்வி கேட்ட பையன் இப்போது ஓசூரில் இருக்கிறான், ஒரு காண்ட்ராக்டரின் அட்டையில், பயிற்சியாளனாக. ஊரில் பத்தொன்பது நாள் வேலையை நம்பி அவன் வீடு நடக்காது. வருகைப் பதிவேடு தரமுடியாது என்ற அந்த ஒரு வரியை எதிர்த்து அவன் மாநிலத் தகவல் ஆணையத்துக்குச் செய்த இரண்டாம் மேல்முறையீடு சென்ற மாதம் விசாரணைக்கு வந்தது. சென்னைக்குப் போக ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த மாத வருகை ஊக்கத்தொகை முழுவதும் போய்விடும் என்பதால், தன் சார்பில் என்னைப் போகச் சொன்னான். அதிகாரக் கடிதத்தை ஷிப்ட் இடைவேளையில் கைப்பேசியில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினேன். ‘என் சார்பில் இவரை அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று, விரல் பழக்கத்தில், நானாகவே சேர்த்திருந்தேன்.

“அண்ணா, அந்தச் சொல்லை எடுத்துடுங்க” என்றான். பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. எடுத்துவிட்டு, பிரின்ட் கொடுத்தேன்.